முன்பாதி தலைகீழ்ப் பாடம்

பரீட்சை என்றால் எனக்கு ஆகாது. ஒரு டீச்சர் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? எட்டாம் வகுப்புக் காலாண்டுக் கணக்குப் பரீட்சையில் வினாத்தாளைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், காலையில் தின்ற நாலு இட்லியையும் முன் பெஞ்சுக்காரியின் முதுகில் கொட்டியவள் நான். அவள் இன்றைக்கும் மார்க்கெட்டில் என்னைக் கண்டால் ஓரடி தள்ளித்தான் நிற்பாள். நான் டீச்சரானால் ஒரு பிள்ளையையும் இந்தப் பாடு படுத்த மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

என் பெயர் ஜெஸ்மி. வீடு தூத்துக்குடியில், கடற்கரைப் பக்கம். வேலை சாயர்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என் வகுப்பில் பரீட்சைப் பேச்சே கிடையாது. பாடத்தை நாலு தடவை, ஐந்து தடவை எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். பிறகு நான் வரியைத் தொடங்குவேன், பிள்ளைகள் முடிப்பார்கள். "அமிலம் நீல லிட்மஸ் தாளை..." என்று நான் இழுத்தால், "சிவப்பாக மாற்றும்!" என்று நாற்பது தொண்டையும் ஒன்றாகக் கத்தும். கூரைத் தகடு அதிரும். இரண்டு வகுப்பு தள்ளியிருக்கும் தலைமையாசிரியைக்குக்கூடக் கேட்கும். எனக்குப் பெருமை தாங்காது.

பக்கத்து வகுப்பில் கணக்கு எடுக்கிற ரம்யா எனக்கு நேர் எதிர். உள்ளே நுழைந்ததும் அவள் சொல்லும் முதல் வார்த்தை, "புத்தகத்த மூடு." நேற்று நடத்தியதிலிருந்து மூன்று கேள்வி, ஐந்து நிமிடம், தினமும். பிள்ளைகள் அவளுக்கு 'மூடு மிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு அவள் கோபப்படவும் மாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அக்டோபரில் தலைமையாசிரியை அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு, எல்லா வகுப்பிலும் எல்லாப் பாடத்துக்கும் தினம் ஐந்து நிமிடப் பரீட்சை என்று சுற்றறிக்கை விட்டார். நான் விடுவேனா? எதிர்த்து ஒரு கடிதம் எழுதி ஆறு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். 'பரீட்சை என்பது படித்ததை அளப்பதற்கு. மரக்காலால் அளந்தால் நெல் கூடிவிடுமா?' என்று அதில் ஒரு வரி. எழுதி முடித்துவிட்டு நானே நாலு தடவை வாசித்து ரசித்தேன். தலைமையாசிரியையிடம் அதைக் கொடுத்ததும் சுற்றறிக்கை அப்போதைக்கு நின்றது.

"ஏளா, பரீட்ச அளக்கதுக்கு மட்டுமில்ல," என்றாள் ரம்யா. "கேட்டாத்தான் மண்டையில நிக்கும். வாசிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும்."

"ஒனக்குப் பிள்ளையள் மூஞ்சி வேர்க்கதப் பாக்கதுல ஒரு சந்தோசம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை பெரியதாழைக்காரர். பெயர் ஜேசுபாதம். சரக்குக் கப்பலில் இஞ்சின் அறையில் மோட்டார்மேன். எட்டு வருடமாகக் கடல்தான் வீடு. ஒன்பது மாதம் கப்பல், மூன்று மாதம் ஊர். செப்டம்பரில் இறங்கியவர் டிசம்பர் பன்னிரண்டாம் தேதி மறுபடி கப்பல் ஏற வேண்டும். நவம்பர் இருபத்தாறு, புதன்கிழமை கல்யாணம் என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். அதற்கப்புறம் தள்ள முடியாது. மாதக் கடைசி ஞாயிறோடு கிறிஸ்மஸுக்கு முந்திய தவக்காலம் மாதிரியான திருவருகைக் காலம் பிறந்துவிடும். அந்த நாலு வாரமும் எங்கள் சாமியார் கோயிலில் கல்யாண மந்திரிப்புச் சடங்கு வைக்க மாட்டார்.

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்கிற அறிவிப்பு. அந்த ஓலையை எழுதுவதற்கு முன்னால் மந்திரம் கேட்பார்கள். மந்திரம் என்றால் ஜெபம்தான். பரலோக மந்திரத்தில் தொடங்கி, மங்கள வார்த்தை, விசுவாச மந்திரம், உத்தம மனஸ்தாபம், கிருபை தயாபத்து, பத்துக் கட்டளை, திருச்சபைக் கட்டளை என்று மொத்தம் பதினொன்று. பெண்ணும் மாப்பிள்ளையும் தனித்தனியாக, பார்க்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஓலை கிடையாது. எங்கள் கோயில் பங்கில் கேட்கிறவர் சிஸ்டர் கிளாடிஸ். கலெக்டர் மகனே வந்தாலும் ஒரு வரி விட்டுக்கொடுக்க மாட்டார்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல டீச்சர்," என்றார் அத்தான் முதல் நாள் போனில். நிச்சயமானதிலிருந்து நான் அவரை அத்தான் என்பேன், அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கேலியாக. "கப்பல்ல ஞாயித்துக்கெழமயும் ஆயில்தான், திங்கக்கெழமயும் ஆயில்தான். பரலோக மந்திரம் மட்டும் முழுசா வரும்."

"கவலைய விடுங்க. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

என் வித்தையை இறக்கினேன். பதினொரு ஜெபத்தையும் என் குரலில் அழகாகப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் ஒரு வாரம் காதில் மாட்டிக்கொண்டே திரிந்தார். மீன் வாங்கப் போகும்போது, வலை உலர்த்துகிற தம்பியோடு உட்கார்ந்திருக்கும்போது, சவரம் செய்யும்போது. "எல்லாம் வந்துட்டு, கேளு," என்றார். விசுவாச மந்திரத்தைக் கேட்டேன். மூன்றாவது வரியில் தடம் மாறி, பாவசங்கீர்த்தன ஜெபத்துக்குள் புகுந்து, கடைசியில் ஆமென் என்று முடித்தார். எந்த ஜெபம் என்று அந்த மாதாவுக்கே விளங்கியிருக்காது.

இதை ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டே சொன்னபோது ரம்யா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஜெபத்துப் பேர மட்டும் சொல்லு. சொல்லிட்டு வாய மூடு. அவராத் தேடி எடுக்கட்டும்," என்றாள். "தப்புவிட்டா மட்டும் சரி பண்ணு. திரும்ப மறுநாள் கேளு."

அவள் சொல்லி நான் கேட்பதா என்று இருந்தது. ஆனால் ஓலை எனக்குத்தானே வேண்டும்? அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். காலையில் சாயர்புரம் போகும் பஸ்ஸில் ஐந்து ஜெபம், சாயங்காலம் திரும்பும்போது ஆறு. என் மடியில் ஜெபப் புத்தகம், காதில் அவர். "உத்தம மனஸ்தாபம்" என்பேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வரும். பிறகு தத்துப்பித்தென்று இரண்டு வரி. நான் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போவேன். தப்பு வந்தால், "அங்கன இல்ல, திரும்ப வாங்க," என்பேன். வகுப்பில் ஒரு நாளும் காட்டாத கண்டிப்பு அத்தனையும் அவரிடம் காட்டினேன்.

அவருக்கு இது பிடித்துப்போயிற்று என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

"கப்பல்லயும் இதான டீச்சர். வாராவாரம் அலாரம் அடிப்பான். தீயே கிடையாது, சும்மா. ஆனா அவனவன் ஓடிப்போய் அவனவன் எடத்துல நிக்கணும், என்ன செய்யணும்னு சொல்லணும். எங்க சீஃப் சொல்லுவாரு, செவுத்துல ஒட்டியிருக்கத வாசிச்சவன் தீப்பிடிச்சா செவுத்தத்தான் தேடுவான்னு."

"அது கப்பலு. பிள்ளையள் வேற," என்றேன். விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வாரம் அவர் ஏழு ஜெபம் சுத்தமாகச் சொன்னார். நவம்பர் பிறந்தபோது பதினொன்றும். திருச்சபைக் கட்டளையை வரிசை மாறாமல் அவர் சொல்லி முடித்த அன்று, பஸ்ஸில் நான் கைதட்டிவிட்டேன். பின் சீட்டில் இருந்த வன்னியபெருமாள் அண்ணாச்சியும் கூடத் தட்டினார். உடன்குடிக் கருப்பட்டியைச் சாயர்புரம் கடைகளுக்குப் போடுகிறவர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதே பஸ்ஸில் வருவார். ஒரு மாதமாக என் பாடத்தைச் சும்மா கேட்டுக்கொண்டு வந்தவர். "மாப்பிள்ள தேறிட்டாரா பாப்பா?" என்றார். "தேறாம? நடத்துனது யாரு?" என்றேன் நான்.

நவம்பர் முதல் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. கோயிலை ஒட்டியிருக்கும் கன்னியர் மடத்தில் சிஸ்டர் கிளாடிஸ் எங்களை உட்காரச் சொன்னார். மேசையில் ஓலை எழுதும் நோட்டு. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

அத்தான் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பதினொன்றையும் சொன்னார். ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. கடைசி ஆமெனுக்கு சிஸ்டர் கண்ணைத் திறந்து, "கப்பல்காரனா நீ? உபதேசியார் வேலைக்கு வாரியா?" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

"இப்ப நீ சொல்லும்மா."

சொல்லாமல் என்ன? பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் வீட்டு ஜெபமாலையை நடத்துகிறவள் நான். பரலோக மந்திரம், மங்கள வார்த்தை எல்லாம் கடகடவென்று வந்தன. விசுவாச மந்திரத்தைத் தொடங்கினேன். பாதிவரை ஓடினேன். பரிசுத்த ஆவி வரவேண்டிய இடத்தில் நின்றேன்.

நின்று, காத்திருந்தேன்.

எங்கள் வீடுகளில் ஜெபமாலை சொல்லும்போது நடத்துகிறவர் முன்பாதியைச் சொல்வார், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். பதினைந்து வருடமாக நான் முன்பாதி சொல்லிவிட்டு நிறுத்துவேன். அம்மாவும் தம்பிமாரும் பக்கத்து வீட்டு அல்போன்சாக்காவும் மீதியை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் நிறுத்திவிட்டேன். யாரும் எடுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உங்கள் முறை என்பது போல நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"ம், மேல," என்றார் சிஸ்டர்.

மேலே ஒன்றும் இல்லை. கிருபை தயாபத்தும் பாதியில் நின்றது. உத்தம மனஸ்தாபத்தில் இரண்டு வரிதான் வந்தது. பத்துக் கட்டளையில் ஏழாவதைச் சொல்லிவிட்டு மறுபடி ஐந்தாவதுக்குப் போனேன். ஒரு மாதமாகத் தினமும் நான் விரலால் தொட்டுப் போன வரிகள் அவை. புத்தகத்தில் எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருக்கின்றன என்றுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

சிஸ்டர் கண்ணைத் திறந்தார். கோபம் இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ என்ன, முன்பாதிக்கு மட்டும் கல்யாணம் பண்ணப் போறியா?"

அத்தானுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"சனிக்கிழமை நாலு மணிக்கு வா," என்று சிஸ்டர் நோட்டை மூடினார். "அஞ்சு மணிக்குப் பட்டியல் சாமியார்ட்ட போயிரும். அதுக்குள்ள சொல்லிட்டா இந்த ஞாயிறு மொத ஓலை. இல்லன்னா அடுத்த ஞாயிறு."

அடுத்த ஞாயிறு என்றால் மூன்றாம் ஓலை திருவருகைக் காலத்தில் போய் விழும். கிறிஸ்மஸ் கழித்துத்தான் கல்யாணம். அதற்குள் கப்பல் போய்விடும். இன்னும் ஒன்பது மாதம், இல்லை பத்து. மண்டபம், சமையல்காரர், பத்திரிகை எல்லாம் கிடக்கட்டும். அவரைப் பார்க்காமல் இன்னும் பத்து மாதம் என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும், "எனக்குப் பரீட்ச பயம். சின்னதுலருந்தே உண்டு. அதான் மறந்துட்டு," என்றேன்.

இதுவரை டீச்சர் என்றே கூப்பிட்டவர் அன்றைக்குத்தான் முதல்முதலாக 'ஏளா' என்று கூப்பிட்டார்.

"ஏளா, பயந்தா மொத வரியே வந்துருக்காது. நீ முன்பாதி கடகடன்னு சொன்ன. ஒண்ணு கேக்குதேன், கோவிச்சுக்காத. இந்த ஒரு மாசத்துல நீ ஒரு நாளாவது புத்தகத்த மூடினியா?"

கோவித்துக்கொண்டேன். விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். நடக்க நடக்கத்தான் சுருக்கென்றது. ஒரு மாதமும் தினமும் பரீட்சை எழுதியவர் அவர். நான் வெறும் மேற்பார்வையாளர். எழுதியவர் பாஸ். தாளைத் திருத்திக்கொண்டே இருந்தவள் ஃபெயில்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறியதும் போன் அடித்தது.

"விசுவாச மந்திரம்," என்றார். வணக்கம்கூட இல்லை.

சொன்னேன். அதே இடத்தில் நின்றேன். அவர் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் என்ன? கொடுக்கவில்லை. மெல்லப் புத்தகத்தைப் பிரித்தேன்.

"தாள் பொரட்டுத சத்தம் கேக்குது."

"இல்லயே!"

"பொய் வேற. பொய் சொல்லக் கூடாதுங்கதுதான் எட்டாவது கட்டளை. புத்தகத்த யார்ட்டயாவது குடு."

யாரிடம் கொடுப்பது? பின்னால் திரும்பினேன். வன்னியபெருமாள் அண்ணாச்சி ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காலடியில் கருப்பட்டி மூட்டை, கையில் எங்கள் ஜெபப் புத்தகம். போனை நான் ஸ்பீக்கரில் போட்டேன். மாப்பிள்ளை பெயரைச் சொல்வார், நான் சொல்வேன், அண்ணாச்சி சரிபார்ப்பார். நெற்றியில் பட்டை விபூதியோடு அந்த மனிதர், "பாப்பா, அர்ச்சிஷ்டவர்கள்னு ஒரு வரி இருக்கு, அத விட்டுட்டிய," என்று திருத்தியபோது பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு நின்றார்.

தேடித் தேடி எடுப்பது எவ்வளவு வலி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நெற்றிக்குள் நரம்பு புடைப்பது போல இருந்தது. ஆனால் ஒன்றையும் கவனித்தேன். நானாகத் தேடி எடுத்த வரி அடுத்த தடவை கேட்டபோது தானாக வந்து நின்றது. அண்ணாச்சி வாசித்துக் காட்டியதும் உடனே தலையாட்டிய வரி மறுபடி காணாமல் போயிற்று. சாயர்புரத்தில் இறங்கும்போது பதினொன்றில் எட்டு தேறியிருந்தது.

முதல் பாடவேளை எட்டாம் வகுப்பு. அமிலமும் காரமும், போன வாரம் முழுக்கக் கூரை அதிர நடத்தி முடித்த பாடம். உள்ளே போய் நின்றேன். அதுவரை என் வாயில் வராத ஒரு வார்த்தையை முதல்முறையாகச் சொன்னேன்.

"புத்தகத்த மூடுங்க."

நாற்பது முகமும் என்னைத் துரோகியைப் போலப் பார்த்தது. "மிஸ், நீங்களுமா?" என்றது பின் பெஞ்சு.

"மார்க் கிடையாது. யாரு எத்தனைன்னு வாசிக்கவும் மாட்டேன். காரம் லிட்மஸ் தாள என்ன செய்யும்? நோட்டுல எழுதுங்க. ஒரு வரி."

முதலில் பேனாக்கள் எழவில்லை. சிலர் மேலே பார்த்தார்கள், சிலர் பக்கத்து நோட்டைப் பார்த்தார்கள். சுற்றி வந்தேன். எழுதியவர்களில் பாதிப் பேர் 'சிவப்பாக மாற்றும்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எதை, எது என்று இல்லை. வால் மட்டும் இருந்தது. முன் பெஞ்சில் அனுசியா என்கிற பிள்ளை, பரீட்சை பயத்தில் எனக்கு நேர் வாரிசு, வெறும் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் குரல்தான் வகுப்பில் எப்போதும் உரக்கக் கேட்கும்.

"தெரியாதா மா?"

"தெரியும் மிஸ்," என்றாள், கண் கலங்கிப்போய். "நீங்க ஆரம்பிச்சாத்தான் மிஸ் வரும்."

இத்தனை நாளாக இந்தப் பிள்ளைகளுக்குப் பின்பாதியை மட்டும் கொடுத்துவிட்டு, முன்பாதியை நானே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களைப் பரீட்சையிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று வேறு பெருமை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேற்று சிஸ்டர் முன்னால் நான் நின்ற கதையை வகுப்புக்கே சொன்னேன். மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது உட்பட. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அனுசியாவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை.

"மிஸ், நீங்க நெசமாவே ஃபெயிலா?"

"நெசமா ஃபெயில். நாளைக்குத் திரும்ப எழுதணும். இப்ப நான் ஆரம்பிக்க மாட்டேன், காத்திருக்கேன். மெதுவாத் தேடு."

அவள் பேனாவை எடுத்தாள். அடித்தாள், எழுதினாள், மறுபடி அடித்தாள். இரண்டு நிமிடம் ஆனது. 'காரம் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக மாற்றும்' என்று எழுதி என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் வேர்வை இருந்தது, சிரிப்பும் இருந்தது.

இடைவேளையில் தலைமையாசிரியையிடம் போய் என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். வேறொன்று எழுதிக் கொடுத்தேன்: தினம் கேள்வி கேட்கலாம், மார்க் போடக் கூடாது, யாரையும் எழுப்பி நிறுத்தக் கூடாது. ரம்யா எட்டிப் பார்த்து வாசித்தாள். "நான் அப்பவே சொன்னேன்," என்று மூன்று தடவை சொன்னாள். பிறகு சாப்பாட்டு நேரம் முழுவதும் என்னிடம் மந்திரம் கேட்டாள். இந்துப் பிள்ளை, ஒரு ஜெபத்தின் பெயரையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஆனால் ஈவு இரக்கம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு மடத்துக்குப் போனோம். சிஸ்டர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த எட்டாம் வகுப்பு இட்லி ஞாபகம் வந்தது. இருந்தாலும் ஆரம்பித்தேன். முதல் இரண்டும் போயின. விசுவாச மந்திரத்தில் பாதிக்கு வந்தேன். அங்கே நின்றுவிட்டேன். பழக்கமோ, மூச்சு வாங்கவோ, எனக்கே தெரியாது.

பக்கத்தில் பார்த்தேன். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு நின்றார். அடுத்த வார்த்தை அவர் வாயில் இருந்தது. அதை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். என்னை விட அவர்தான் கஷ்டப்படுகிறார் என்று தெரிந்தது. சின்ன வயதிலிருந்து கேள்வி கேட்கிறவர்கள் எல்லாம் எனக்கு எதிராளி என்றே நினைத்துவந்தேன். கேட்டுவிட்டு இப்படிக் காத்திருக்கிறவர் எதிராளியாக இருக்க முடியாது. பஸ்ஸில் அந்த இடத்தில் நான் ஏழெட்டுத் தடவை விழுந்து எழுந்திருந்தேன். இப்போது அந்த வார்த்தை தானாக வந்தது. அதன் பின்னால் மீதி முழுவதும் வந்தது.

பத்துக் கட்டளையில் எட்டைத் தாண்டி ஒன்பதுக்குப் போய், நானே திரும்பி வந்து எட்டைச் சொன்னேன். சிஸ்டர் புருவத்தைத் தூக்கினார், கண்ணைத் திறக்கவில்லை. பதினொன்றாவதுக்கு ஆமென் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சிஸ்டர் ஓலை நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"மாப்பிள்ள, முழுப் பேரு சொல்லு. அப்பா, அம்மா பேரு?"

திரும்பினேன். எட்டு வருடம் கடலில் கிடந்த மனிதர், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கென்னப்பா?" என்றார் சிஸ்டர். "நீதான் வியாழக்கிழமையே பாஸாயிட்டியே."

"இல்ல சிஸ்டர்," என்றார் அவர். "இப்பத்தான் பாஸானேன்."